தத்து எடுக்க வந்தவர்களும் பாடம் எடுக்க வேண்டியவர்களும்

போன வருஷம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு காலனிக்குள் மருத்துவக் கல்லூரி பஸ் ஒன்று வந்து நின்றது. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் இறங்கினார்கள். முதல் வருஷத்துப் பிள்ளைகள். கையில் அட்டை, அட்டையில் படிவம். ஆளுக்குச் சில குடும்பங்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். இரவுப் பள்ளிக்காகப் போய்வருகிறவன் என்பதால் நானும் அங்கே இருந்தேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயா ஒருத்தி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இன்னா தம்பி, யாரு இவுங்க?"

"டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க ஆயா. உன் குடும்பத்தத் தத்து எடுத்துக்கப் போறாங்களாம்."

"தத்து எடுக்கறாங்களா? நாங்க இன்னா அப்பன் ஆத்தா இல்லாத பசங்களா? எங்க வூட்டு ஆளு கல்லு பட்டறயில தூசி தின்னு தின்னு நெஞ்சு அடைச்சிப் பூட்டாரு. டிபி டிபின்னு ரெண்டு தபா மாத்திர குடுத்தாங்க. அப்ப வராத புள்ளைங்க இப்ப எதுக்கு வந்துகீதுங்க?"

எதிரில் உட்கார்ந்திருந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். கணவர்: இறந்துவிட்டார். காரணம்: காசநோய். தொழில்: கூலி.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு பேசிப் பார்த்தேன். நம்ம பெண்தான். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். அவள் அப்பாவும் கூலிதான். ஆயா சொன்ன கல்தூசியை அவள் காதால் கேட்டாள். ஆனால் படிவத்தில் அதற்கு இடமில்லை. 'கூலி' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும்தான் இடமிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தோழர்களே, நாம் இத்தனை வருஷம் சீட்டுக்காகப் போராடினோம். பாடத்துக்காகப் போராடவே இல்லை.

2017 செப்டம்பரில் அரியலூர் அனிதாவைப் பறிகொடுத்தபோது தமிழ்நாடே தெருவுக்கு வந்தது. நியாயம். 2020இல் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதுவும் போராட்டத்தின் பலன். 2022இல் மதுரையில் மாணவர்கள் சரகர் பெயரால் உறுதிமொழி எடுத்ததும் கொதித்தோம். அதுவும் சரி. ஆனால் அந்த உறுதிமொழியைப் பரிந்துரைத்த அதே ஆவணத்தில், அந்த முதல் மாத அடிப்படைப் பயிற்சியில், அதற்கடுத்த நாலரை வருஷத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்தோம்? வாசலில் நின்று கதவைத் தட்டினோம். உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

பாடத்திட்டம் என்றால் ஏதோ பேராசிரியர்களின் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எந்த நோய்க்கு எத்தனை மணி நேரம், எது பரீட்சையில் கட்டாயம் கேட்கப்படும், எது 'தெரிந்துகொண்டால் போதும்', யார் சொல்லித் தர வேண்டும், எந்த இடத்தில் வைத்துச் சொல்லித் தர வேண்டும் - இந்த ஐந்தையும் தீர்மானிப்பதுதான் பாடத்திட்டம். அதாவது யாருடைய உடம்பு முக்கியம், யாருடைய சாவு சில்லறை என்று தீர்மானிப்பது. இது நிலச் சட்டம் மாதிரி ஒரு அரசியல் ஆவணம்.

கிராமத்தைப் பாடத்துக்குள் கொண்டுவருகிறோம் என்பது அவர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிவரும் கதை. 1946இல் போர் குழு, மருத்துவன் 'சமூக மருத்துவனாக' இருக்க வேண்டும் என்றது. 1977இல் மருத்துவக் கல்வியை மாற்றி அமைக்கும் திட்டம் என்று சொல்லி, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். 1997 விதிகளைத் தூக்கிவிட்டு 2019இல் 'திறன் அடிப்படையிலான' பாடத்திட்டம் வந்தது. 2022இல் குடும்பத் தத்தெடுப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் பஸ் ஊருக்கு வருகிறது, படிவம் நிரம்புகிறது, பஸ் போய்விடுகிறது. ஊர்தான் நோயாளி, கல்லூரிதான் அறிவு என்ற ஏற்பாடு மட்டும் மாறவே இல்லை.

ஆயாவின் புருஷனுக்கே திரும்ப வருவோம். கல் அறுக்கிற, செதுக்குகிற இடத்தில் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வருகிறது. இருமல், மூச்சுத் திணறல், எடை குறைவு - எல்லாமே காசநோய் மாதிரி. எக்ஸ்ரேயும் ஏமாற்றும். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் காசநோய் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இன்னொரு கொடுமை, சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் சுலபமாக வருகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்க்க, இரண்டும் சேர்ந்திருந்தால் கண்டுபிடிக்க, ஒரே ஒரு கேள்வி வேண்டும்: என்ன வேலை செய்தீர்கள், எத்தனை வருஷம், தண்ணீர் ஊற்றி அறுத்தீர்களா, காய்ந்த கல்லையா? நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிக்காரர் ரமசினி 1700இல் வெளியிட்ட தம் நூலில் வற்புறுத்தினார். முன்னூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சிற்பத்துக்காகவே உலகம் வந்து பார்க்கிற மாமல்லபுரத்துப் பக்கத்தில் நம் படிவம் இன்னும் 'கூலி'யில் நிற்கிறது. சூளையில் வேகிறவனும் கூலி, கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவனும் கூலி, கல் உடைக்கிறவனும் கூலி. சாதி எந்த வேலையில் தள்ளியது, வேலை எந்த நோயில் தள்ளியது என்ற முழுச் சங்கிலியையும் அந்த இரண்டெழுத்து மறைத்துவிடுகிறது.

இதைவிடத் துலக்கமான உதாரணம் பாம்புக்கடி.

2000த்திலிருந்து 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்துச் செத்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். உலகிலேயே அதிகம். யார் இவர்கள்? விடிவதற்கு முன்னே வயலில் இறங்குகிற பெண்கள். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிற ஆட்கள். சூளையில், குடிசையில் தரையில் படுக்கிற பிள்ளைகள். பங்களாவில் கட்டிலில் படுக்கிறவனை அநேகமாகப் பாம்பு கடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் இதைப் 'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்' வரிசையில் சேர்த்தது. புறக்கணித்தது யார் என்று அந்த வரிசையில் எழுதவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். 2019 பாடத்திட்டத்தில் பொது மருத்துவத்தில் இதற்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. புத்தகத்திலும் இருக்கிறது. என்ன பிரயோசனம்? கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவனைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலி இருக்காது, பல் தடம்கூடப் பல சமயம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பான். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். 'தரையில் படுத்தாயா?' என்று கேட்கத் தெரிந்த டாக்டர் பிழைக்க வைப்பார். கேட்கத் தெரியாதவர் வயிற்று வலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவார். விரியன் கடியில் ரத்தம் உறையாமல் போகிறதா என்று பார்க்கப் பெரிய பரிசோதனைக் கூடம் தேவையில்லை. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிஷம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் இதைத் தன் கையால் ஒரு தடவைகூடச் செய்து பார்க்காமல் பட்டம் வாங்கிவிட முடியும் என்றால் அது என்ன 'திறன்' அடிப்படை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இருந்தும், ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிற இளம் டாக்டர் கெட்டவர் இல்லை. அந்தப் பயத்தைப் போக்காத பாடத்திட்டம்தான் கெட்டது. ஆம்புலன்ஸில் போகிற அந்த முக்கால் மணி நேரத்தில் செத்துப் போகிறவன் நம்ம ஆள்.

இப்போது இதே கடற்கரைச் சாலையைப் பாருங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணைக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று, பிழைப்பு போன இருளர்களுக்காக 1978இல் தொடங்கியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - நாலையும் உயிரோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையிலிருந்துதான் போகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு, அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க ஒரு பல்கலைக்கழகம் அழைத்துப் போனது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பதக்கம் கொடுத்தார்கள். பாட வகுப்பில் நாற்காலி கொடுத்தார்களா? பட்டம் இல்லாதவன் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக முடியாது என்பது விதி. அறுவைச் சிகிச்சை கற்றுத்தர அந்த விதி நியாயம். ஆனால் எந்தப் பாம்பு எந்த மாசத்தில் எங்கே படுக்கும், எந்த நேரத்தில் வெளியே வரும், கடித்த இடம் எப்படி இருக்கும், சனங்கள் கடிபட்டதும் என்ன செய்வார்கள் - இதையெல்லாம் தெரிந்தவன் யார்? விஷம் வேண்டும், விஷத்தைப் பற்றிய அறிவு வேண்டும், அந்த அறிவைச் சுமக்கிற மனுஷன் மட்டும் வேண்டாம். சேரியின் உழைப்பு வேண்டும், சேரி வேண்டாம் என்று ஊர் சொன்ன அதே பழைய நியாயம்தான் இது. வெள்ளைக் கோட்டு மாட்டியிருக்கிறது.

இந்த மாவட்டத்தின் உடம்பு இதற்கு முன்னாலும் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி ஊசிச் சோதனை நடந்தது. 2,81,161 பேருக்கு ஊசியோ போலி ஊசியோ போட்டு, பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது பயன்படவில்லை என்று தெரிந்தது. சிறுவர்களிடம் கொஞ்சம் பயன். கைக்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரிக் கடுமையான காசநோயைத் தடுக்க ஊசி இன்றும் தேவை, அது வேறு. நான் சொல்ல வருவது, இந்தச் சோதனை விஞ்ஞானத்துக்குப் பெரிய கொடை. உலகம் முழுக்க மருத்துவ மாணவன் 'சிங்கிள்புட் சோதனை' என்று மனப்பாடம் செய்கிறான். ஊர்ப் பெயர் புத்தகத்தில் நின்றது. கையை நீட்டிய சனம் எங்கே நிற்கிறது? அதே செங்கல்பட்டுத் திருமணியில் 1924இல் தொழுநோய் மருத்துவமனை வந்தது. 1955இல் மத்திய அரசு அதை ஆராய்ச்சி நிலையமாக ஏற்றது. தொழுநோய்க் கிருமியைப் பாடம் நன்றாகச் சொல்கிறது. ஒரே குடிசையில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்க வைத்தது யார் என்று பாடம் சொல்கிறதா?

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் நிலமில்லாமையையும் பசியையும் நோயையும் சேர்த்தே வைத்தார். அவர் டாக்டர் இல்லை, வரி வாங்க வந்த வெள்ளைக்காரர். அந்த அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி விட்டது. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நிலம் போனால் உடம்பு போகும் என்பது நம் சனத்துக்குத் தெரியும். சமூக மருத்துவ வகுப்பில் அது ஒரு கேள்வியாகக்கூட வருவதில்லை.

"மருத்துவம் அறிவியல் ஐயா, இதில் ஏன் சாதியைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நாமா நுழைத்தோம்? டெல்லி எய்ம்ஸில் தலித், ஆதிவாசி மாணவர்களை எப்படி ஒதுக்கினார்கள் என்று 2007இல் தோரட் குழு எழுதி வைத்தது. 2019 மே மாதம் மும்பையில் ஆதிவாசி டாக்டர் பாயல் தட்வி, சாதிக் கொடுமை தாங்காமல் உயிரை விட்டார். பிரேதப் பரிசோதனை என்று டாக்டர் கையெழுத்துப் போடுகிறார். பல பிணவறைகளில் கத்தி பிடித்து அறுப்பது யார்? உடற்கூறு அறிவு யார் கையில் இருக்கிறது, சான்றிதழ் யார் கையில் இருக்கிறது? சாதி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. பெயர் சொல்லாமல் இருக்கிறது. நாம் பெயரைச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

பாடத்தை மாற்ற முடியுமா என்று சோர்ந்துவிட வேண்டாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குச் செய்துவந்த இருவிரல் சோதனையைத் தடை செய்யச் சொல்லி 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பாடத்திட்டத்தைத் திருத்தச் சொன்னது. தன்பால் உறவைக் குற்றமாகச் சொல்லித் தந்த பகுதிகளை 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் திரும்ப நுழைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, செப்டம்பர் முதல் வாரத்திலேயே வாபஸ் வாங்க வேண்டி வந்தது. பெண்களும் திருநர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் தங்கள் உடம்பைப் பற்றிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் படித்தார்கள். படித்ததால்தான் சண்டை போட முடிந்தது. நாம் இன்னும் படிக்கவில்லை.

"நம்ம பிள்ளைகள் உள்ளே போனால் எல்லாம் தானாக மாறும்" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். மாறாது. 'கூலி' என்று எழுதிய பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் இந்தப் பாடம் அவளுக்கு எதைப் பழக்கும்? தன் அம்மாவை 'அறியாமையால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளி' என்று பார்க்கப் பழக்கும். கூலி போய்விடும் என்பதால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவளை 'ஒத்துழைக்காதவள்' என்று எழுதப் பழக்கும். சேரியிலிருந்து ஒரு டாக்டர் போவார், சேரிக்கு ஒரு டாக்டர் திரும்ப மாட்டார்.

சரி, என்ன கேட்பது? எல்லாவற்றையும் டெல்லி தீர்மானிக்கிறது என்று கை விரிப்பார்கள். ஆணையம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் சேர்க்கலாம். கேள்வித்தாள் தயாராவது கிண்டியில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில். ஆகவே இங்கேயே கேட்கலாம்.

ஒன்று. மாவட்டத்துச் சாவுக் கணக்கிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். தமிழ்நாடு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. அந்தக் கணக்கு வகுப்பறைக்கு வரட்டும். 20 நிமிஷ ரத்தச் சோதனையைத் தன் கையால் செய்து காட்டாத யாரும் தேறக் கூடாது.

இரண்டு. இருளர்கள், கல் தொழிலாளிகள், துப்புரவுத் தொழிலாளிகள், பிணவறை ஊழியர்கள் - இவர்கள் வந்து பாடம் எடுக்க வேண்டும். வேடிக்கைப் பொருளாக இல்லை. பேராசிரியருக்குத் தருகிற மரியாதையோடு, மணிக்கணக்குச் சம்பளத்தோடு.

மூன்று. நோயாளிப் படிவத்தில் 'கூலி'யை ஒழிக்க வேண்டும். என்ன வேலை, எத்தனை வருஷம், படுக்கை தரையா கட்டிலா, வீட்டு மனை யாருடையது, தண்ணீர் எங்கிருந்து - இந்த ஐந்து கேள்வி. அரைப் பக்கம் போதும்.

நாலு. பிரேதப் பரிசோதனையில் மாணவன் தன் கையால் அறுத்துக் கற்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவனே கத்தியும் பிடிக்கட்டும்.

ஐந்து. 'தத்து' என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டும். மாணவன் அந்த வீட்டுக்குப் படிக்கப் போகிறான். ஆகவே அவன் எப்படிக் கேட்டான், எப்படி உட்கார்ந்தான், கொடுத்த தண்ணீரைக் குடித்தானா, சொன்னதைச் செய்தானா என்று அந்த வீட்டுக்காரி மதிப்பெண் போடட்டும். பாடத்திட்டக் குழுவில் நம் சனத்துக்கு இடம் வேண்டும், ஓட்டோடு.

இது பேராசை இல்லை. விஷம் கொடுத்தவனும், கையை நீட்டி ஊசி வாங்கியவளும், தூசி தின்று செத்தவனும் தங்கள் பங்கைக் கேட்கிறார்கள்.

மருத்துவக் கல்லூரியில் இருக்கிற நம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. இந்த மாசம் உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து, உங்கள் காலனியில் போன ஐந்து வருஷத்தில் செத்தவர்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கெங்கே பொருந்தவில்லை என்று எழுதி அனுப்புங்கள். அச்சில் போடுவோம். அதுதான் நம் முதல் கோரிக்கை மனு.

பஸ் கிளம்பும்போது அந்த ஆயா மாணவியின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அடுத்த தபா வரச்ச அந்த அட்டய வச்சிட்டு வா கண்ணு. கல்லு பட்டறைக்கு நான் கூட்டினு போய்க் காட்றேன்." பாடம் அங்கே தயாராகத்தான் இருக்கிறது. போய் உட்கார்ந்து கேட்க வேண்டியது நாம்.